மண்ணில் எழுந்த கோட்டை: பாஞ்சாலங்குறிச்சியும் மண்சுவர்க் கலையும்

தமிழக வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கல்லைச் சுற்றியே எழுதி வந்துள்ளனர். கல்வெட்டு, கற்றளி, நடுகல், கற்கோட்டை என்று நம் சான்றுகளின் வரிசை கல்லில் தொடங்கிக் கல்லில் முடிகிறது. இதில் வியப்பொன்றும் இல்லை. கல் நின்று நிலைக்கும், எழுத்தையும் தாங்கும். ஆனால் நம் முன்னோருள் மிகப் பெரும்பாலோர் கல்லால் ஆன இல்லங்களில் வாழ்ந்தவர் அல்லர். அவர்கள் பிறந்ததும் உறங்கியதும் தானியம் சேர்த்ததும் மண்சுவர்களுக்குள்ளேதான். போர் வந்தபோது அவர்கள் மறைந்து நின்று போரிட்டதும் மண்சுவர்களுக்குப் பின்னால்தான். அந்தச் சுவர்களின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதை ஏட்டைப் புரட்டி மட்டும் எழுதிவிட முடியாது. மண்ணைக் கையால் பிசைந்து பார்த்தவரே எழுத முடியும் என்பதை நம் வட்டாரத்துச் சான்று ஒன்றைக் கொண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரிசலும் பாளையமும்

விளாத்திகுளம் வைப்பாற்றங்கரை ஊர். கிழக்கே சில கல் தொலைவில் கடல். அங்கே முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் இரண்டான வேம்பாறும் வைப்பாறும் உள்ளன. கடற்கரையில் சிப்பியையும் கிளிஞ்சலையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் காரை வீடு கட்ட முடிந்தது. கரையை விட்டு மேற்கே நகர்ந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல்தான். கட்டடத்துக்கு ஏற்ற கல் இங்கே அரிது. செங்கல் சுட விறகும் அரிது. எனவே சிறுகுடியானவனும் பாளையக்காரனும் மண்ணையே நாடினர். நாகலாபுரம், கடல்குடி, குளத்தூர் முதலிய பாளையங்கள் இந்நிலத்தில்தான் இருந்தன. தென்மேற்கே ஓட்டப்பிடாரத்தை அடுத்துப் பாஞ்சாலங்குறிச்சி.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் தலைமையில் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியதும், அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் நாம் அறிந்தவை. அதை அடுத்து வந்த ஆணை அத்துணை அறியப்பட்டதன்று. பாளையக்காரர்கள் படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டும். கோட்டைகளை இடித்துத் தள்ள வேண்டும் என்பதே அந்த ஆணை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் தரைமட்டமாக்கப்பட்டது. மண்சுவர்தானே, இடித்தால் முடிந்தது என்று ஆணையிட்டவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரையும் அவருடன் சிறையிருந்தோரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். செய்தி அறிந்து மேஜர் மெக்காலே படையுடன் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. சிறை தப்பி ஒரு வாரம் அளவே ஆகியிருந்தது. சுவர்களின் மீது ஆயிரத்தைந்நூறு பேர் அளவில் ஆட்கள் நின்றனர். அப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, பின்னாளில் 1830இல் வெளியிட்ட தம் படைவாழ்வு நினைவுக் குறிப்புகளில் இந்த வியப்பை மறைக்காமல் பதிந்துள்ளார். அதையே கால்டுவெல் தம் 1881ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வரலாற்றில் எடுத்தாண்டார்.

1801 மார்ச் இறுதியில் நடந்த பெருந்தாக்குதல் தோல்வியுற்றது. பீரங்கியால் சுவரைச் சிதைத்த இடத்திலும் கும்பினியார் உள்ளே நுழைய முடியவில்லை. உள்ளிருந்தோரின் நீண்ட ஈட்டிகள் அவர்களைத் தடுத்தன. கர்னல் அக்னியூ பெரும் பீரங்கிகளோடு வந்து சேர்ந்த பின்னர், மே 24ஆம் நாளே கோட்டை வீழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் ஒரு பேரரசின் படையை நிறுத்தி வைத்தது கரிசல் நாட்டு மண்சுவர்.

அளவுகள் சொல்லும் செய்தி

வெல்ஷ் தந்துள்ள அளவுகள் நமக்குப் பெரும் கொடை. கோட்டை ஒழுங்கற்ற இணைகர வடிவினது. இரு பக்கங்கள் 500 அடி அளவு. மற்ற இரு பக்கங்கள் 300 அடி அளவு. சுவரின் உயரம் பொதுவாக 12 அடி. சிறு சதுரக் கொத்தளங்கள் நெருக்கமாக அமைந்திருந்தன. சுற்றிலும் அடர்ந்த முள்வேலி, அகழி இல்லை. முழுவதும் மண்ணால் ஆனது. அம்மண் மிகக் கெட்டியானது, ஒட்டும் தன்மை மிக்கது என்று அவர் குறிக்கிறார்.

இந்த அளவுகளை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றளவு 1,600 அடி. சுவரின் சராசரிக் கனத்தை மிகவும் குறைத்து மூன்றடி என்றே கொண்டாலும் 57,600 கன அடி மண் வேண்டும். ஒரு கன அடிக்கு 50 கிலோ என்று கொண்டால் ஏறத்தாழ 2,900 டன். ஒருவர் ஒரு நாளில் 30 கன அடி மண்ணை வெட்டிக் குழைத்துச் சுவரில் ஏற்றுவார் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் முடிக்க ஏறத்தாழ 275 பேர் போதும். ஆயிரத்தைந்நூறு பேர் இருந்த இடத்தில் இது கடினமன்று. ஆள்கணக்கில் இச்செய்தி முற்றிலும் நம்பத் தக்கது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மண்சுவர் வைத்துப் பழகிய எவரும் அதை உடனே கேட்பர்: சுவர் காய்ந்தது எப்போது? குழைத்த மண்ணால் சுவர் வைக்கும்போது ஒரு தடவையில் ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டடிதான் வைக்கலாம். அது தன் பாரம் தாங்கும் அளவுக்கு இறுகச் சில நாள்கள் ஆகும். அதன் பின்னரே அடுத்த வரி. அவசரப்பட்டால் அடிவரி பிதுங்கிச் சுவர் சரியும். 12 அடிச் சுவருக்கு ஆறு முதல் எட்டு வரி வேண்டும். இவ்வழியில் ஒரு வாரத்தில் கோட்டை எழாது.

அப்படியாயின் எப்படி எழுந்தது? மண்ணின் இயல்பே விடைக்கு வழி காட்டுகிறது. இடிந்த மண்சுவர் குப்பை ஆவதில்லை. அது அங்கேயே கட்டிகளாகக் கிடக்கும். நன்கு காய்ந்து இறுகிய அந்தக் கட்டிகளைப் பச்சைக்கல் போல அடுக்கி, இடையில் மட்டும் குழைமண் இட்டால், சுவரில் சேரும் ஈரம் மிகக் குறைவு. அன்று வைத்த சுவர் அன்றே ஓரளவு நிற்கும். தை, மாசி மாதங்களின் வறண்ட காற்றும் கைகொடுக்கும். அடி அகன்று மேல் குறுகிய வடிவும் சரிவைத் தடுக்கும். முதல் வாரத்தில் எழுந்த சுவரை அடுத்து வந்த வாரங்களில் மேலும் உயர்த்திக் கனமாக்கவும் வாய்ப்பு இருந்தது. கோட்டையை இடித்தவர்கள் அதைக் கட்டுவதற்கு வேண்டிய பொருளை அந்த இடத்திலேயே விட்டுச் சென்றனர். கட்டத் தெரிந்த கைகளும் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தன.

இது ஊகம்தான். ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். பாஞ்சாலங்குறிச்சிக்கு வெளியே, அதே வகை மண்ணை எடுத்து, பத்தடி நீளத்துக்கு இரு சுவர்கள் வைக்கலாம். ஒன்று குழைமண்ணாலேயே, மற்றொன்று காய்ந்த கட்டிகளால். எது எத்தனை நாளில் எழுகிறது, எது பிதுங்குகிறது என்று அளந்து எழுதலாம். வரலாற்றுக் கேள்வி ஒன்றுக்கு மண்வெட்டியால் விடை தேடும் முறை இதுவே.

பீரங்கிக் குண்டு மண்சுவரில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறிடத்திலும் சான்று உண்டு. கற்சுவர் உடைந்து சிதறும்; கனத்த மண்சுவர் குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். வடநாட்டில் பரத்பூர் மண்கோட்டையை 1805இல் ஜெனரல் லேக் நான்கு முறை தாக்கியும் பிடிக்க முடியவில்லை. 1826இல் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்தே அதைப் பிடித்தனர். பாஞ்சாலங்குறிச்சி அதனினும் மிகச் சிறியது. இரண்டின் வலிமைக்கும் காரணம் மண்ணே.

மண்ணை அறிதல்

கரிசல் மண் சுவருக்கு நல்ல நண்பன் அன்று. நனைந்தால் பொதும்பும்; காய்ந்தால் ஆடு மாட்டின் கால் இறங்கும் அளவு வெடிக்கும். அதிலுள்ள களியின் இயல்பு அது. தனிக் கரிசலால் வைத்த சுவர் காயும்போதே பிளந்துவிடும். ஆகவே அதனுடன் ஓடை மணலையோ செவலையோ கலந்து களியின் வேகத்தைத் தணிக்க வேண்டும். வைக்கோலும் தட்டைச் சக்கையும் உமியும் சேர்த்து வெடிப்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். நீர்விட்டுச் சில நாள் புளிக்கவைத்து, காலால் மிதித்துப் பதம் பார்த்து எடுக்க வேண்டும். வெல்ஷ் குறித்த அந்தக் கெட்டித்தன்மை தானாக வாய்த்ததன்று. கலவை அறிந்த கைகளின் விளைவு அது.

மண்ணின் பதத்தை அறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. கண்ணாடிக் குப்பியில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால், அடியில் மணலும் நடுவில் வண்டலும் மேலே களியும் தனித்தனி அடுக்காகப் படியும். அடுக்கின் உயரத்தை அளந்தால் விகிதம் தெரியும். ஈர மண்ணைக் கயிறுபோல் திரட்டி, பலகையின் ஓரத்துக்கு மெல்லத் தள்ளினால் தன் பாரத்தால் ஒடியும். ஒடிந்த துண்டு 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மணல் மிகுதி. 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் களி மிகுதி. இடைப்பட்டால் சுவருக்கு ஆகும். இன்று உலகெங்கும் மண்கட்டடப் பயிற்சிகளில் முதல் நாள் கற்பிப்பவை இவைதாம். நம் ஊர்களில் சுவர் வைத்த மூத்தோர் இதே அறிவை உள்ளங்கையில் வைத்திருந்தனர்.

பழஞ்சுவரை ஆராய்வோர் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. சுவருக்குள் இட்ட உமியும் வைக்கோலும், அவை மக்கிய இடத்தில் அவற்றின் அச்சும், அந்த ஆண்டில் அந்த ஊரில் என்ன விளைந்தது என்பதைக் காட்டும். கம்பா, வரகா, குதிரைவாலியா, நெல்லா என்று சுவரே சொல்லும். எந்த ஆவணமும் குறிக்காத ஒரு குடியானவனின் மகசூலை அவன் வீட்டுச் சுவர் குறித்து வைத்திருக்கிறது.

சுவர் சாகும் வழி

மண்சுவரின் பகை மேலிருந்தும் கீழிருந்தும் வரும் நீர். இறவாணம் குறுகினால் கூரைநீர் சுவரில் வழியும். தெருமட்டம் உயர்ந்தால் நிலத்து ஈரம் சுவரின் அடியில் ஏறும். நிலத்து உப்பும் அந்த ஈரத்தோடு ஏறி, சுவரின் முகத்தில் பூத்து, மண்ணைத் துகளாக உதிர்க்கும். ஓரிரு முழ உயரத்தில் சுவர் அரிக்கப்பட்டு உட்குழிந்து, மேற்பாரம் தாங்காமல் ஒருநாள் சாயும். கடலும் உப்பளமும் அருகிலுள்ள நம் வட்டாரத்தில் இது மிகுதி.

இந்த நோய்க்கு இன்று எல்லோரும் செய்யும் மருத்துவம் சிமெண்டுப் பூச்சு. நோயை மூடி வளர்க்கும் மருத்துவம் அது. மண்சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருப்பது. சிமெண்டு அந்த வழியை அடைக்கிறது. உள்ளே தங்கிய ஈரம் சுவரைக் குழைக்கிறது. வெளியே பார்ப்போருக்கு எதுவும் தெரிவதில்லை. பின்னர்ப் பூச்சு பாளமாக விழும்போது, அதனோடு சுவரின் பாதியும் விழும். முறையான சீரமைப்பு இதற்கு நேர்மாறானது. முதலில் கூரையையும் வடிகாலையும் சரிசெய்ய வேண்டும். அரித்த பகுதியை உறுதியான மண் தென்படும் வரை செதுக்கி, நீர் தெளித்து, முன்பே காயவைத்த மண்கட்டிகளைக் குழைமண்ணில் பதித்து நிரப்ப வேண்டும். ஈர மண்ணையே திணித்தால் அது சுருங்கிப் பழஞ்சுவரை விட்டு விலகும். மேலே புளித்த மண்பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன் வீட்டை மெழுகி வெள்ளையடித்த வழக்கம், பண்டிகையின் பெயரால் நடந்த பராமரிப்பே ஆகும். அவ்வேலையின் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு என்பதையும் இங்குக் குறித்தாக வேண்டும்.

பிற நாடுகளின் படிப்பினை

மண்கட்டடப் பாதுகாப்பு உலகளவில் தனித் துறையாக வளர்ந்தது அண்மைக் காலத்தில்தான். 1972இல் ஈரானின் யஸ்த் நகரில் இதற்கான முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. 1979இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் கிராத்தேர் என்னும் மையம் தோன்றி, கட்டடக் கலைஞர்களை மண்ணில் இறக்கிப் பயிற்றியது. நம் தமிழகத்திலேயே ஆரோவில்லில் 1989இல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிட்யூட், மண்கல் அழுத்தவும் வளைவு கட்டவும் பல நாட்டவருக்குக் கற்பித்து வருகிறது.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஜென்னே நகரப் பெரும் பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. இன்றுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. அதற்கு ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. கொத்தனார் வழிகாட்ட, சிறுவர் மண் சுமக்க, அது திருவிழாவாகவே நடக்கிறது. லடாக்கில் பாஸ்கோ என்னும் சிற்றூர் மக்கள் தங்கள் பழைய மண்கோயில்களைத் தாங்களே முன்னின்று சீரமைத்தனர். அப்பணி 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் முதல் நிலை விருதைப் பெற்றது. இவ்விரு இடங்களிலும் கட்டடம் நிற்பதற்குக் காரணம் மண் பூசத் தெரிந்த அடுத்த தலைமுறை அங்கே இருப்பது. அந்தத் தலைமுறை இல்லாத ஊரில் எத்தனை வேலி போட்டாலும் மண்சுவர் நிற்காது.

எஞ்சியது எது

1801இல் கும்பினியார் தம் முன்னைய பிழையை மீண்டும் செய்யவில்லை. கோட்டையை இடித்ததோடு நில்லாமல் பாளையத்தின் ஊர்களைப் பிறருக்குப் பகிர்ந்தளித்தனர். அந்த ஆண்டு நவம்பர் 16இல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டனர். கோட்டை நின்ற இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்று மக்கள் சொல்வர். பகைவர் அரணை அழித்துக் கழுதை பூட்டி உழுவது சங்கப் பாடல்களிலும் வரும் செய்தி. புறப்பொருள் வெண்பாமாலை அதை உழிஞைத் திணையின் துறைகளுள் ஒன்றாக வைக்கும். அரண் காப்போர் சூடும் நொச்சியோ இன்றும் நம் வேலியோரங்களில் பூத்துக் கிடக்கிறது. கவிஞர்களாகிய நமக்கு இந்தத் தொடர்ச்சி சிந்திக்கத் தக்கது.

1968-69இல் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு நடத்தியது. அரண்மனைப் பகுதியின் செங்கல் அடித்தளத்தை இன்றும் காணலாம். 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை ஒன்றை எழுப்பியது. போரில் இறந்த கும்பினிப் படையினரின் கல்லறைகளும் அருகில் உள்ளன. செங்கல் எஞ்சியது, கல்லறை எஞ்சியது, நினைவுக் கோட்டை புதிதாக எழுந்தது. இரண்டு மாதம் பீரங்கியைத் தாங்கிய மண்சுவர் எப்படிப்பட்டது என்பதைக் காட்டும் ஒரு முழச் சுவர்கூட அங்கே மண்ணால் ஆக்கப்படவில்லை. நினைவுக் கோட்டையைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது வீரத்தைப் போற்றியது. அந்த வீரத்துக்குத் துணைநின்ற தொழிலைப் போற்றும் கடமை நமக்கு எஞ்சியுள்ளது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம், எழவும் வேண்டும். மண்வீடு வறுமையின் வீடு அன்றோ? கரையானும் மழையும் தீயும் அதில் வாழ்ந்தவரைப் படுத்திய பாட்டை யார் அறியார்? 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் அரசுத் திட்டம் வந்தபோது மக்கள் அதை மகிழ்ந்து ஏற்றதில் தவறென்ன? தவறே இல்லை. எவரையும் மண்வீட்டிலேயே இரு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வீடு மாறுவது வேறு. அறிவு மறைவது வேறு. உழவர்கள் கமலையை விட்டு மின் இறைப்பானுக்கு மாறினர். அதனால் கமலையைப் பற்றிய அறிவு வீண் என்று ஆகிவிடாது. மேலும், சுட்ட செங்கல்லும் சிமெண்டும் எரிக்கும் எரிபொருளைக் கணக்கிடும் இக்காலத்தில், உலகின் கட்டடக் கலைஞர்கள் மண்ணை நோக்கித் திரும்புகின்றனர். அவர்கள் நம்மிடம் கேட்க வரும்போது நமக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

வட்டத்தின் முன் ஒரு பணி

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தின் மலரில் மண்சுவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்தின் வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கி 1982இல் வெளியிட்டார். நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தார். இருவரும் ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டும் வேலைக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள். மண்சுவர்த் தொழிலின் சொற்களும் அவ்வாறே திரட்டப்பட வேண்டியவை. மண்ணின் வகைக்கும், பதத்தின் நிலைக்கும், சுவரின் ஒவ்வொரு பகுதிக்கும், மெழுகும் கையின் அசைவுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அவற்றை அறிந்தோர் இன்று முதியோர்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள். மாசி, பங்குனி வறட்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விளாத்திகுளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எஞ்சி நிற்கும் மண்வீடு ஒன்றை, வீட்டாரின் இசைவோடு தேர்ந்துகொள்வோம். நீளம், உயரம், கனம், வரியின் அளவு ஆகியவற்றை நாடாவால் அளந்து எழுதுவோம். சுவர் வைத்தவர் இருந்தால் அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வோம். பின்னர் அவரையே ஆசானாகக் கொண்டு, அரித்த அடிச்சுவரில் ஒரு முழத்தை நம் கையால் சரிசெய்வோம். அவருக்கு அன்றைய கூலியை முழுமையாகக் கொடுப்போம். அந்த ஒரு நாளில், கோட்டை ஒரு வாரத்தில் எப்படி எழுந்தது என்ற கேள்விக்குப் பாதி விடையாவது நம் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். மீதிப் பாதியை ஐப்பசி மழைக்குப் பின் அதே சுவரைச் சென்று பார்த்து எழுதலாம்.